சிசுவின் புரதமும் ஈரற் புற்றும்

சில மாதங்களுக்கு முன், நண்பர் ஒருவருக்கு மொழிபெயர்க்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். ஹெப்பரைற்றிஸ் பி வைரசோடு இருபது வருடங்களாக வாழ்பவர். இரத்தப் பரிசோதனை முடிவில் 'ஏ.எவ்.பி - 6' என்றிருந்தது. "அப்ப எனக்குப் புற்றுநோய் இல்லைத்தானே? இனி ஸ்கானுக்கு வரவேண்டாமோ எண்டு கேளுங்கோ" என்றார். வைத்தியர் இல்லையென்று தலையசைத்தார். ஏனென்று விளக்க அவருக்கு நேரமில்லை. விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

ஏ.எவ்.பி எனப்படும் அல்பா-பீற்றோபுரதம் அடிப்படையில் சிசுவுக்குரியது. கருவிலுள்ள குழந்தையின் ஈரல் இதை ஏராளமாகச் சுரக்கிறது. பிறந்தபின் அந்த மரபணு அடங்கிப்போகிறது. வளர்ந்தவரின் இரத்தத்தில் மில்லிலீற்றருக்குப் பத்து நனோகிராமுக்கும் குறைவாகவே காணப்படும். 1963இல் மொஸ்கோவில் காரி ஆபெலெவும் சகாக்களும் ஈரற் புற்றுள்ள எலிகளின் இரத்தத்தில் இச்சிசுப் புரதத்தைக் கண்டார்கள். மறுவருடம் யூரி ததாரினொவ் மனித நோயாளரிடமும் கண்டார். ஈரற் கலம் புற்றாகும்போது, அடங்கிய மரபணு மீண்டும் விழிக்கலாம்.

'விழிக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். எல்லாப் புற்றுகளும் இதைச் சுரப்பதில்லை, சிறியவை குறிப்பாக. மறுபுறம், புற்றே இல்லாமல், ஈரல் அழற்சியில் கலங்கள் சிதைந்து மீள வளரும்போதும் அளவு ஏறும். (கர்ப்பிணிகளிடம் ஏறுவது இயல்பு.) 20ஐ எல்லையாக வைத்தால் ஏறத்தாழ நாற்பது வீதமான புற்றுகள் தப்பிவிடுகின்றன. 400 என்று உயர்த்தினால் வீண் பயம் குறையும், ஆனால் தப்பிப்போவன இன்னும் கூடும். நண்பரின் 6 எதையும் இல்லையென்று நிரூபிக்கவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவியது, நம்புங்கள், மைசூர்ப் பருப்பு. அப்பருப்பு விதையிலுள்ள ஒரு புரதம் குறிப்பிட்ட சர்க்கரை அமைப்புகளைப் பற்றிப்பிடிக்கும். புற்றுக் கலம் சுரக்கும் ஏ.எவ்.பியில் ஃபியூகோஸ் என்ற மேலதிக சர்க்கரை ஒட்டியிருப்பது அதிகம், அழற்சியில் வருவதில் குறைவு. எனவே பருப்புப் புரதத்தில் சிக்கும் பங்கை அளந்து இரண்டையும் ஓரளவு பிரித்தறிகிறார்கள். 1984இல் இன்னொன்றும் விபரிக்கப்பட்டது: விற்றமின் கே துணையோடு முழுமை பெறவேண்டிய புரோத்துரொம்பினைப் புற்றுக் கலம் அரைகுறையாக வெளிவிடுகிறது. இது மிக உயர்ந்திருந்தால் புற்று ஈரலின் இரத்தக் குழாய்களுக்குள் புகுந்திருக்கும் சாத்தியம் கூடுதல். வாபரின் மாத்திரை எடுப்பவர்களிலும் உயரும் என்பதால் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

என் அபிப்பிராயத்தில், தனி எண்ணைவிட அதன் போக்கே பேசுகிறது. கட்டியை முற்றாக அகற்றினால் ஏ.எவ்.பி ஐந்தாறு நாட்களுக்கொருமுறை பாதியாகிக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் எங்கோ மிச்சம் இருக்கலாம். இறங்கிப் பின் ஏறினால், நோய் திரும்புகிறதா என்று தேடவேண்டும்.

ஆனால் முன்கூட்டிக் கண்டறிவது உயிரைக் காக்குமா? சீனாவின் இரு ஆய்வுகள் இதில் முரண்படுகின்றன. சீடொங்கில் ஏ.எவ்.பியை மட்டும் வைத்துத் தேடியபோது புற்றுகள் முந்தியே அகப்பட்டன, மரணங்களோ குறையவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குப் பயனுள்ள சிகிச்சை கிடைக்கவில்லை என்று 2003இல் எழுதினார்கள். ஷங்காயில் 18,816 பேரை எடுத்து, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனையோடு ஸ்கானும் செய்ததில் ஈரற் புற்று மரணம் 37 வீதம் குறைந்ததாக 2004இல் அறிவித்தார்கள். இதன் ஆய்வுமுறைமீது விமர்சனங்கள் உண்டு. ஆயினும் அறிதல் மட்டும் போதாது, அறிந்தபின் அறுக்கவோ சுடவோ வசதியிருக்கவேண்டும் என்பதை இரண்டும் சேர்ந்தே காட்டுகின்றன. அந்த வசதி நாம் வந்துசேர்ந்த நாட்டில் இருக்கிறது.

நண்பருக்கு ரெலிபோனில் இவ்வளவையும் சொன்னேன். ஹெப்பரைற்றிஸ் பி உள்ளவருக்கு, ஈரல் சுருங்கி இறுகாமலேயே புற்று வரலாம் என்பதையும் சொன்னேன். நீண்டநேரம் பேசாமலிருந்தார். ஸ்கானுக்குப் போகும் நாளில் றெஸ்ரோறன்ரில் ஒருநாள் சம்பளம் போய்விடும். "சரி, எத்தினையாம் திகதி எண்டு அந்தக் கடிதத்தைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.