இரு சேரியும் ஒரு கழகமும்

விளையாட்டு ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று. களத்தின் விளிம்பில் நின்று ஆர்ப்பரிப்போர்க்கும் அதில் உரிமையுண்டு. அமெரிக்க இயேசுசபைத் துறவியான வெபர் அடிகளாரின் பெயர் தாங்கும் மட்டக்களப்பு நகர மைதானத்திலும், வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களின் வெளிகளிலும் உதைபந்தாட்டம் நிகழுங்கால், வெற்றியால் ஒரு சதமும் ஊதியம் பெறாத மக்கள் தம்மூர்க் கழகத்தின் தோல்விக்காக உள்ளம் நோவதைக் காண்கிறோம். இப்பற்று எங்ஙனம் தோன்றுகிறது? அது பகையாகத் திரியாதிருத்தற்கு யாது வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடைகாண முதற்கண் மேனாடு செல்லவேண்டியதில்லை. நம் முன்னோர் ஆடிய கொம்பு விளையாட்டே தக்க சான்றாகும்.

கண்ணகி வழிபாடு வேரூன்றிய இந்நாட்டில், ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து இவ்விளையாட்டை நிகழ்த்திற்று. வடசேரியார் கோவலன் கட்சியினர். தென்சேரியார் கண்ணகி கட்சியினர். முதலிலே போர்த்தேங்காய் அடித்தல் நடைபெறும். தேங்காயொடு தேங்காய் மோத, உடைந்ததற்குரியார் தோற்றவராவர். பின்னர், வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி வடம் பூட்டி இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சிக்குத் தோல்வி. வென்றோர் தம் பெருமையையும் எதிரிகளின் சிறுமையையும் பாடிக் களிப்பர். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் இதனை விளக்கியுள்ளார். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு நிகழ்த்தும் அங்கெலியவும், உடுபில, யடிபில என்னும் இரு பிரிவினதாய், இதனை ஒத்ததேயாம்.

இவ்வமைப்பில் மூன்று இயல்புகள் கருதத்தக்கன. சேரி பரம்பரையாக வருவது. ஆதலின் தோற்ற ஆண்டிலே அதனைத் துறந்து வென்றாரோடு சேர்தல் இயலாது. வடம் இழுப்போரும் பாட்டுப் பாடுவோரும் ஊராரே. ஆகவே வெறும் பார்வையாளர் என ஒரு கூட்டம் அங்கில்லை. மூன்றாவது இயல்பே தலையாயது. அம்மையின் சினந் தணிந்து மழை பொழியவும் நோய் நீங்கவும் ஊர் முழுவதும் வேண்டியே இரு சேரியும் எதிர்நின்றன. எதிர்க்கொம்பு இல்லையேல் எக்கொம்பும் முறியாது, விழாவும் நிறைவுறாது. வசைக்கும் விழா என்னும் எல்லை இருந்தது. அவ்வெல்லை கடந்தவிடத்துப் பூசல் விளைந்ததும் உண்டு.

இனி, உதைபந்தாட்டத்தை நோக்குவாம். 1889இல் தோன்றிய கல்கத்தாவின் மோகன் பகான் கழகம், 1911 யூலை 29ஆம் நாள் ஆங்கிலேயப் படையணி ஒன்றை 2-1 என வென்று கேடயம் பெற்றது. அவ்வெற்றியை வங்க மக்கள் தம் வெற்றியாகவே கொண்டனர். 1920இல் கிழக்கு வங்கக் கழகம் எழவே, அந்நகர் இரு சேரியாயிற்று. ஆயின் 1980 ஓகத்து 16ஆம் நாள் இவ்விரு கழகங்களும் மோதியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர் உயிர் துறந்தனர். எல்லையற்ற பற்று தான் போற்றியதையே அழிக்கும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

பற்றின் ஆக்கத்திற்கும் சான்று உண்டு. இலண்டனின் விம்பிள்டன் கழகம் வேற்றூர்க்குப் பெயர 2002இல் இசைவளிக்கப்பட்டது. உடனே அதன் இரசிகர்கள் கூடிப் புதிய கழகமொன்றை நிறுவிக் கீழ்ப்படியில் ஆடத் தொடங்கினர். ஒன்பது ஆண்டுகளில், 2011இலே, அது தேசிய அணிவரிசையுட் புகுந்தது. ஆட்டக்காரர் வருவர், போவர், உரிமையாளரும் மாறுவர், ஊர்ப்பற்றே கழகத்தின் உயிர் என்பதை அவர்கள் செயலாற் காட்டினர்.

நம் வாவிக்கரை ஊர்களிலோ கொம்பு விளையாட்டு அருகிவிட்டது. அது பயிற்றிய பண்பும் அதனோடு அருகிவிடலாகாது. தோற்ற கழகத்தை விட்டு நீங்காமை, கைதட்டுவதோடு அமையாது களந்திருத்தவும் பந்துக்குப் பணஞ் சேர்க்கவும் முன்வருதல், எதிரணியின்றித் தம்மணிக்கு ஆட்டமில்லை என உணர்தல் ஆகிய மூன்றையும் இளைஞர் கைக்கொள்வாராக. பல இனத்தாரும் சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் இக்கரைகளிலே ஓர் ஆட்டத்தின் பூசல் ஊர்ப்பூசலாக மூள நெடுநேரம் செல்லாது. ஓர் ஆட்டத்தின் நட்பும் அங்ஙனமே விரைந்து பரவும். அவ்விரண்டனுள் எது பரவுதல் வேண்டும் என்பதை முடிவு செய்வோர் களத்துள் ஆடுவோர் அல்லர். விளிம்பில் நிற்கும் நாமே.