வெள்ளகெவி வழியே கொடைக்கானல்: மலையை நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு

வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் வளைந்து வளைந்து ஏறி, ஏரிக்கரையில் இறங்குவதுதான் பலருக்கும் தெரிந்த கொடைக்கானல். அந்த மலைச்சாலை போக்குவரத்துக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் மேலே போனவர்கள் தெற்கே பெரியகுளம் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஏறினார்கள். 1821-ல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகெவி என்னும் மலைக்கிராமத்தில் தங்கி, அங்கிருந்து கொடைக்கானல் மேட்டுக்குப் போனார். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் மேலே பங்களாக்கள் கட்டினார்கள். அவர்களும் நடந்தும், குதிரையிலும், டோலியிலும் வந்து சேர்ந்தவர்களே.

அந்தப் பழைய வழிகளில் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. கொடைக்கானல் நகரை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவிக்கு இறங்கி, அங்கிருந்து கும்பக்கரை அருவிப் பக்கம் சமவெளியைத் தொடும் பாதை அது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தொடங்கி சில நூறு மீட்டர் உயரத்தில் முடிகிறது. ஒரே நாளில் இறங்கினால் குளிரிலிருந்து வெயிலுக்கு வந்துவிடலாம். மேலே பாசி படர்ந்த சோலை மரங்கள், நடுவே காபித் தோட்டங்கள், அடிவாரத்தில் வறண்ட முட்காடு என்று காட்டின் அடுக்குகள் வரிசையாக மாறுவதைப் பார்க்கலாம். காரில் போகிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை.

பெரும்பாலான பயணிகள் இந்தப் பாதையின் தொடக்கத்தில் உள்ள டால்பின் நோஸ் பாறையோடு திரும்பிவிடுகிறார்கள். மரவேர்களே படிகளாகக் கிடக்கும் அந்தச் சிறிய தூரம் நல்ல நடைதான். பாதையின் உண்மையான செறிவு அதற்குக் கீழேதான் இருக்கிறது.

வெள்ளகெவி மக்களுக்கு இது உல்லாசப் பாதை அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர் அது. விளைந்த காபியும் பழமும் குதிரை முதுகில்தான் போயின. அரிசியும் பருப்பும் அப்படியேதான் வந்தன. நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்றார்கள். வீடுகளுக்கு நடுவே கோயில்கள் நிறைந்திருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். அந்த மரியாதையைக் காட்ட மனமில்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

நடைக்கு இன்னொரு நல்ல திசை, நகருக்கு மேலே சூரிய ஆய்வுக்கூடத்தின் பக்கம். 1899-ல் தொடங்கிய அந்த ஆய்வுக்கூடத்தை ஒட்டிய மேட்டிலிருந்து குண்டாறு பக்கம் காட்டுவழி ஒன்று போகிறது. சோலையும் புல்வெளியும் சேர்ந்து நீரைப் பிடித்து வைக்கும் விதத்தை இங்கே கண்ணால் காணலாம். புல்வெளி மழையை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிறது. பள்ளத்தில் நிற்கும் சோலை அதை ஓடையாகக் கசியவிடுகிறது. பிற்காலத்தில் நட்ட அகேசியா வகை வாட்டில் மரங்களும் பைன் மரங்களும் புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. பார்க்க அழகாக இருக்கும் பைன் காட்டின் கீழே வேறு செடி அதிகம் முளைப்பதில்லை என்பதையும் நடக்கிறவர்கள் கவனிக்கலாம்.

பழைய மலையேறிகள் ஆசையோடு பேசும், பேரிஜம் ஏரி, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகும் பாதையை மறந்துவிட வேண்டியதுதான். பேரிஜம் ஏரி வரை வனத்துறை அனுமதியோடு பகலில் போய்த் திரும்பலாம். அதற்கு அப்பால் டாப் ஸ்டேஷன் வரை போக வழியில்லை. 2013 முதல் இந்தக் காடுகள் வன உயிரினச் சரணாலயம். மனித நடமாட்டம் இல்லாத அமைதி காட்டுமாடுகளுக்குத் தேவை.

அனுமதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2018 மார்ச் 11 கற்றுத் தந்தது. இதே மலைத்தொடர்களின் தெற்கே, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். அதன் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், ஏறி ஓடுகிறவரைத் தீ முந்திவிடும். அந்த விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் திறக்கப்பட்டன. வட்டக்கானல்–வெள்ளகெவி வழியும் அதில் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். எந்த ஓடை எப்போது பெருகும், காட்டுமாடு எங்கே மேயும் என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டணம் அந்த அறிவுக்கானது. அதில் பேரம் பேசக் கூடாது.

இறங்குவதுதானே என்று அலட்சியமாகக் கிளம்பக் கூடாது. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். நல்ல பிடிப்புள்ள காலணியும் ஒரு ஊன்றுகோலும் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும், அட்டை ஏறும், மண்சரிவும் உண்டு. கோடையின் தொடக்கத்தில் தீ அபாயத்தால் வழிகள் மூடப்படும். வாகனத்தில் கொடைக்கானல் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். கிளம்பும் முன் இ-பாஸையும் நடைக்கான அனுமதியையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.