எழுதாத கதையும் எழுதிய கதையும்

1918ஆம் ஆண்டு. ஜூன் மாதம் 10ஆம் தேதி. பம்பாய்த் துறைமுகம்.

அங்கே காவல் வேலை பார்த்த 7 போலீஸ்காரர்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் வலி. தலைவலி. இருமல். ஒரே நேரத்தில் 7 பேருக்கும் ஒரே மாதிரிக் காய்ச்சல்.

சில நாள் போனது. துறைமுகத் தொழிலாளர்கள் படுத்தார்கள். அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் படுத்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளர்களும் படுத்தார்கள். காய்ச்சல் நகரம் முழுவதும் பரவியது.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் போர்க்களங்களிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் கப்பலில் ஊர் திரும்பினார்கள். அந்தக் கப்பல்களில் நோயும் வந்து இறங்கியது.

இந்தக் காய்ச்சலின் பெயர் இன்ஃபுளுயன்சா. உலகம் முழுவதும் பரவியதால் இது பெருந்தொற்று. சிலர் இதை ‘ஸ்பானிஷ் காய்ச்சல்’ என்றார்கள். இது ஸ்பெயின் நாட்டில் பிறந்த நோய் என்று பொருள் அல்ல. போரில் இறங்கிய நாடுகள் நோய்ச் செய்தியைப் பத்திரிகைகளில் அதிகம் வரவிடவில்லை. ஸ்பெயின் போரில் சேரவில்லை. அங்கே பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. எழுதிய நாட்டின் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது.

மூச்சோடு பரவும் நோய்

இந்த நோய் எப்படிப் பரவுகிறது?

நோயாளி இருமுகிறார். தும்முகிறார். மிகச் சிறிய துளிகள் காற்றில் கலக்கின்றன. அந்தத் துளிகளில் நோய்க் கிருமி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதே காற்றை மூச்சில் இழுக்கிறார். கிருமி அவர் உடம்புக்குள் போகிறது.

இந்தக் கிருமிக்கு வைரஸ் என்று பெயர். அது கண்ணுக்குத் தெரியாது. மனிதருக்கு இன்ஃபுளுயன்சா தரும் வைரஸை 1933ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். 1918இல் எந்தக் கிருமி என்று டாக்டர்களுக்கே தெரியாது. தடுப்பூசி கிடையாது. டாக்டர்கள் பலர் போருக்குப் போயிருந்தார்கள்.

ஜூன் மாதக் காய்ச்சல் அவ்வளவு கடுமையாக இல்லை. பலர் பிழைத்தார்கள். போய்விட்டது என்று மக்கள் நினைத்தார்கள். ஆனால் செப்டம்பர் மாதம் அது திரும்பி வந்தது. இந்த முறை நுரையீரலைத் தாக்கியது. 20 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் அதிகம் இறந்தார்கள். அக்டோபர் 6ஆம் தேதி பம்பாயில் மட்டும் 768 பேர் இறந்தார்கள். இது ஒரே நாள் கணக்கு.

ரயில் போன ஊருக்கெல்லாம் காய்ச்சலும் போனது.

யார் அதிகம் இறந்தார்கள்?

நோய் ஏழை, பணக்காரன் பார்க்காது என்பார்கள். நோய் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் சாவுக் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

பம்பாயில் ஐரோப்பியர்களில் 1000 பேருக்குச் சுமார் 8 பேர் இறந்தார்கள். அதே நகரத்தில் தாழ்த்தப்பட்ட சாதி மக்களில் 1000 பேருக்கு 61 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஏன் இந்த வேறுபாடு?

ஐரோப்பியர் வாழ்ந்தது காற்றோட்டமான பெரிய வீடுகளில். தொழிலாளி வாழ்ந்தது ஒற்றை அறையில். அந்த ஓர் அறையில் ஒரு குடும்பமே படுத்தது. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் வரும். அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பசித்த உடம்பால் நோயைத் தாங்க முடியவில்லை.

பெண்களின் நிலை இன்னும் மோசம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவர்களும் பெண்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள்.

கங்கைக் கரையில் ஓர் இளைஞர்

அப்போது வங்காளத்தில் ஓர் இளைஞர் இருந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தந்தி வந்தது. மனைவி தம் தாய்வீட்டில் இருந்தார். அந்த ஊரின் பெயர் டல்மாவ். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கிறது.

இளைஞர் ஓடி வந்தார். வருவதற்குள் மனைவி இறந்துவிட்டார். அவருடைய சொந்தக் குடும்பத்திலும் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். கங்கை ஆற்றில் பிணங்கள் மிதந்தன. எரிக்க விறகு போதவில்லை.

அந்த இளைஞர் பிற்காலத்தில் பெரிய இந்திக் கவிஞர் ஆனார். அவர் பெயர் சூர்யகாந்த் திரிபாதி நிராலா. தாம் பட்ட துன்பத்தை ‘குல்லீ பாட்’ என்ற நூலில் எழுதி வைத்தார். அவர் எழுதியதால் நமக்கு அது தெரிகிறது.

மற்றவர்கள் கதை எங்கே?

இந்தியாவில் அந்த நோயால் 1 கோடியே 20 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். 1911ஆம் ஆண்டைவிட 1921ஆம் ஆண்டில் இந்திய மக்கள்தொகை குறைந்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்கத் தொடங்கியபின் அப்படிக் குறைந்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு கோடிப் பேர் என்றால் ஒரு கோடிக் கதைகள். அவை எங்கே?

மிகக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. அரசு அதிகாரிகளின் அறிக்கை இருக்கிறது. பத்திரிகைச் செய்தி இருக்கிறது. படித்தவர்கள் சிலர் எழுதியது இருக்கிறது. துறைமுகத்தில் முதலில் படுத்த அந்த 7 பேர் என்ன நினைத்தார்கள்? தெரியாது. பஞ்சாலைத் தொழிலாளியின் மனைவி பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றினார்? தெரியாது.

1911ஆம் ஆண்டுக் கணக்குப்படி 100 பேரில் சுமார் 6 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பெண்களில் 100 பேருக்கு ஒருவர். அதிகம் செத்தவர்கள் எழுத்து அறியாதவர்கள். பிழைத்தவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிறகு சொல்ல ஆள் இல்லை. கதையும் போய்விட்டது.

102 ஆண்டுகளுக்குப் பிறகு

2020ஆம் ஆண்டு. மீண்டும் ஒரு பெருந்தொற்று. இந்த முறை கொரோனா.

இதுவும் மூச்சோடு பரவும் நோய்தான். ஜனவரி 30ஆம் தேதி இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில் தெரியவந்தார். மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். இடையில் இருந்தது 4 மணி நேரம்.

ஆலைகள் மூடின. கட்டட வேலை நின்றது. பஸ் இல்லை. ரயில் இல்லை. வெளியூர் போய் உழைத்தவர்களுக்குக் கூலி இல்லை. வாடகை கொடுக்க வழி இல்லை. சொந்த ஊர் போனால் பிழைக்கலாம் என்று நினைத்தார்கள். தலையில் மூட்டை. இடுப்பில் குழந்தை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடக்கத் தொடங்கினார்கள்.

மகாராஷ்டிரத்தில் ஜால்னா என்ற ஊர் இருக்கிறது. அங்கே இரும்பு ஆலையில் வேலை பார்த்த தொழிலாளர்கள் மத்தியப் பிரதேசத்துக்குப் போகக் கிளம்பினார்கள். ரயில் பாதை வழியாக இரவு முழுவதும் நடந்தார்கள். களைத்துப்போய்த் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள். ரயில் ஓடவில்லை என்று நினைத்தார்கள். ஆனால் சரக்கு ரயில் ஓடியது. மே 8ஆம் தேதி விடியற்காலை அது அவர்கள் மேல் ஏறியது. 16 பேர் இறந்தார்கள். அவர்கள் வழிக்குக் கட்டி எடுத்துவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன.

அந்த ரொட்டிகளைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? ஒருவர் படம் எடுத்தார். ஒருவர் எழுதினார். நாடே பார்த்தது. நாடே படித்தது.

உதவியவர்கள்

துன்பம் மட்டும் நடக்கவில்லை. உதவியும் நடந்தது.

மும்பையில் தாராவி என்ற பகுதி உண்டு. பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். அங்கே நோய் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி நோய் வந்தது. மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் நோயாளிகளைத் தனியே தங்கவைக்கும் இடங்கள் ஆயின. சாப்பாடும் கொடுத்தார்கள். ஜூலை மாதத்துக்குள் நோய் கட்டுக்குள் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பாராட்டிப் பேசினார்.

கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் உழைத்தார்கள். இவர்கள் சுமார் 10 லட்சம் பெண்கள். அதே ஊரில் வாழ்பவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார்கள். வெளியூரிலிருந்து யார் வந்தார்கள்? யாருக்குக் காய்ச்சல்? எல்லாவற்றையும் எழுதினார்கள். அந்தக் குறிப்பை வைத்துத்தான் நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2022ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்தது.

எழுதாதது கணக்கில் வராது

2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அது எல்லோருக்கும் கிடைப்பதற்குள் ஏப்ரல், மே மாதங்களில் நோய் மீண்டும் கடுமையாக வந்தது. மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. ஆக்சிஜன் போதவில்லை. 1918இல் நிராலா பார்த்தது போலவே கங்கையில் மறுபடியும் பிணங்கள் மிதந்தன. ஓர் இந்திப் பத்திரிகையின் நிருபர்கள் ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய் அவற்றை எண்ணி எழுதினார்கள்.

எண்ணி எழுதுவதால் என்ன பயன்?

ஊரடங்கில் வழியிலேயே இறந்த வெளியூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கு வைக்கவில்லை என்று அரசு பதில் சொன்னது. கணக்கு இல்லாதபோது குடும்பத்துக்கு எந்த உதவியைக் கேட்பது?

2021 முடிய அரசுக் கணக்கில் கொரோனாச் சாவு சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். உலக சுகாதார நிறுவனம் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. நோயாலும், அந்த நேரத்தில் வேறு சிகிச்சை கிடைக்காமலும் இறந்தவர்களைச் சேர்த்தது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் சுமார் 47 லட்சம் என்றது. இந்திய அரசு இந்தக் கணக்கை ஏற்கவில்லை. எல்லாச் சாவும் காரணத்தோடு பதிவாகியிருந்தால் இவ்வளவு பெரிய வேறுபாடு வந்திருக்காது.

கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று 2021இல் முடிவானது. அதை வாங்க இறப்புச் சான்று வேண்டும். கொரோனாவால்தான் இறந்தார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். காகிதம் இல்லாதவர்கள் அலைய நேர்ந்தது.

சட்டப்படி ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். துக்கத்தில் இதை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் சொத்துக்கும் சிக்கல். உதவித்தொகைக்கும் சிக்கல். நாட்டின் கணக்கிலும் அவர் விடுபட்டுப் போவார்.

ஒரு நோட்டுப் புத்தகம்

2023ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. ஒருவர் தாயை இழந்தார். ஒருவர் வேலையை இழந்தார். பூட்டிய தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் கஞ்சி கொடுத்தார். பள்ளிக்கூடம் மூடியதால் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு நின்றது.

இவை அறிக்கைகளில் வராது. வாழ்ந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

எழுதுவது கடினம் அல்ல. முதலில் தேதி. பிறகு ஊர். யாருக்கு என்ன நடந்தது? அப்போது வீட்டில் என்ன இருந்தது? யார் உதவினார்? யார் கதவைச் சாத்தினார்? எது தெரிந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்? இவற்றை எழுதினால் போதும். பிழை வந்தாலும் பரவாயில்லை. 5 வரி எழுதினாலும் அது ஒரு சாட்சி.

1918இல் 100 பேரில் 94 பேருக்கு இந்த வழி இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 100 பேரில் 74 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இனி ஒரு நோய் வந்தால், அடுத்த தலைமுறை நம் நோட்டைத் திறந்து பார்க்கும். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அதில் இருக்கும்.

பேசுவோம், எழுதுவோம்

1. 1918இல் ஏழைகள் ஏன் அதிகம் இறந்தார்கள்?

2. ஆஷா பணியாளரின் நோட்டுப் புத்தகம் எப்படிப் பயன்பட்டது?

3. கொரோனாக் காலத்தில் உங்கள் ஊரில் உதவியவர் யார்? அவரைப் பற்றி 5 வரி எழுதுங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் போடுங்கள்.