பொங்குமாங்கடலும் கருந்துளையும்

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்று தென்காசிக் கோபுர வாசலில் நிற்பவரைத் தள்ளத் தொடங்கியதும், சாரல் வந்துவிட்டது என்று ஜனங்கள் குற்றாலத்துப் பேரருவிக்குத் திரண்டு வருகிறார்கள். நீரின் இதத்தை அனுபவிக்கும் அவர்களுள், அந்த இதத்திற்குக் காரணமாகப் பாறையின் இடையே அமைந்திருக்கும் பொங்குமாங்கடலை நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே. மலையிலிருந்து பாயும் சிற்றாறு முதலில் அந்தக் குழியில் விழுந்து, குமுறி, மேலெழும்பிப் பொங்கி வழிந்த பின்னரே நம் தலைமேல் இறங்குகிறது. விழுகின்ற வேகமே பொங்குகின்ற வேகமாக மாறும் இவ்விந்தை பிரபஞ்சத்திலும் நிகழ்கிறது.

கருந்துளை என்றால் அருகில் வரும் யாவற்றையும் விழுங்கும் வாய் என்பதே பொதுவான எண்ணம். உண்மை அதில் பாதியே. நம் பால்வீதியின் நடுவே சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது, 5.5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் எம்87 என்னும் நட்சத்திர மண்டலத்தில் இருப்பதோ 650 கோடி மடங்கு எடையுள்ளது. இத்தகையவற்றின் ஆகர்ஷணத்திற்கு உட்பட்ட வாயு, தனக்கென ஒரு சுழற்சியோடு வருவதால் நேரே விழ முடியாமல், தட்டுப்போலப் பரந்து சுற்றிச் சுற்றி, அடுக்கோடு அடுக்கு உராய்ந்து கொதித்து, மறைவதற்கு முன்பே தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைச் சக்தியாக வீசிவிடக் கூடும்; சூரியன் தன் ஹைட்ரஜனிலிருந்து பெறுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைத்தால் இதன் உக்கிரம் விளங்கும். அந்த ஜோதியே சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுகிறது. அதனோடு, முறுக்கேறிய காந்தப் புலங்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் தாரைகளையும் பீய்ச்சுவதுண்டு. எம்87-இன் தாரையை ஹீபர் கர்ட்டிஸ் 1918-இலேயே கண்டு எழுதிவைத்தார். அது புறப்படும் கருந்துளையின் நிழலை உலகம் படத்தில் பார்த்தது 2019-இல்தான்.

ஜோதியா, தாரையா, எது தள்ளுகிறது? பெங்களூர் இந்திய வானியற்பியல் நிலையத்தின் பாயல் நந்தி, சி. எஸ். ஸ்டாலின் முதலானோர் 500-க்கு மேற்பட்ட அண்மை மண்டலங்களின் ஒளியையும் ரேடியோ அலைகளையும் சேர்த்து ஆராய்ந்து, 2025-இல் விடை கூறியிருக்கிறார்கள்: முதன்மையாகத் தள்ளுவது ஜோதி, தாரையும் கூடும்போது வெளியேற்றம் மேலும் வேகமும் வலிமையும் பெற்று, விநாடிக்கு 2,000 கிலோமீட்டர் வரையிலும் எட்டுகிறது.

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்து திரண்ட வாயு வேண்டும். அது சிதறினாலும் சூடேறினாலும் மையத்தில் பிறப்பு குன்றுகிறது. கருந்துளைக்கும் இரை குறைகிறது. மண்டலத்தின் மைய வீக்கத்து எடையில் ஆயிரத்தில் சில பங்கே உள்ள ஒன்று அம்மண்டலத்தின் வளர்ச்சிக்கே வரம்பு கட்டுவது என்னை இன்றும் பிரமிக்க வைக்கிறது.

பொங்குமாங்கடலின் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே பொங்கிய நீர் மறுபடி சிற்றாறாகித் தாமிரபரணியை நோக்கிப் போகிறது. மண்டலத்தை விட்டுத் தப்பிய வாயுவோ திரும்புவதில்லை. தப்பாதது குளிர்ந்து மீண்டும் விழும்போது அடுத்த பருவம் தொடங்குகிறது. நம் பால்வீதியின் கருந்துளை இப்போது பங்குனிக் குற்றாலம்போல வறண்டிருக்கிறது. ஆயினும் 2010-இல், ஃபெர்மி விண்தொலைநோக்கியின் தரவுகளில், மையத்திற்கு மேலும் கீழும் ஏறக்குறைய 25,000 ஒளியாண்டு உயர்ந்த இரு காமா கதிர்க் குமிழிகள் தெரிந்தன. வற்றிய அருவிப் பாறையில் நீர் ஓடிய தடம்போல, முன்னொரு பருவத்தில் அக்கருந்துளை பொங்கியதன் அடையாளம் அவை என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.