யாருடைய பாட்டன்? - மரபணுச் சோதனையும் சாதியின் வம்சக் கதையும்

சென்ற வருடம் உசிலம்பட்டியில் ஒரு டீக்கடை. நண்பர் ஒருவர் சூடாக வாதிட்டுக்கொண்டிருந்தார். 'இந்தியாவுக்குள்ள முதல்ல வந்த மனுசன் எங்க ஆளுதான். அமெரிக்காக்காரனே ரத்தத்தை எடுத்துப் பாத்துச் சொல்லிட்டான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?' பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: 'எங்க சீயான் காலத்துல ரேகை எடுத்தானுக. அப்பவும் வெள்ளைக்காரன்தான் எழுதிக்கிட்டுப் போனான்.' சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு மாற்ற முடியவில்லை.

நண்பர் சொன்ன 'ஆதாரம்' என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் செய்த ஆய்வில், மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் கிராமத்தைச் சேர்ந்த பிறமலைக் கள்ளர் இளைஞர் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்ற அடையாளம் கிடைத்தது. வெல்ஸ் எழுதி 2002இல் வந்த நூலிலும், அதையொட்டி எடுக்கப்பட்ட ஆவணப் படத்திலும் இந்தக் கிராமம் இடம்பெற்றது. பத்திரிகைகள் 'முதல் இந்தியர்' என்று தலைப்புப் போட்டன.

எம்130 என்றால் என்ன? தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுகிறவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிடுகிறார். அந்த ஏட்டைப் பார்த்து எழுதியவர்களும் அதே பிழையோடு எழுதுகிறார்கள். நூறு வருடம் கழித்துச் சுவடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடபேதம் பார்க்கிறவர், பிழையை வைத்தே எது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார். ஆணின் ஒய் குரோமோசோம் அப்படிப்பட்ட ஏடு. தகப்பனிடமிருந்து மகனுக்கு, பெரும்பகுதி கலப்பில்லாமல் அப்படியே நகலாகிறது. எப்போதோ ஒரு முறை ஓர் எழுத்து மாறும். எம்130 அப்படி மாறிய ஓர் எழுத்து. சுமார் 50,000-60,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவை விட்டுக் கடலோரமாகக் கிழக்கே நகர்ந்தவர்களோடு இந்த வழி இணைத்துப் பேசப்படுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் மங்கோலியர்களிடமும் இந்த வழி உண்டு.

அதாவது இது சாதிக்கு முந்தியது. தமிழுக்கு முந்தியது. ஏர் பிடிப்பதற்கும் வெகுகாலம் முந்தியது. இதைக் கள்ளர் அடையாளம் என்பதற்கும் மங்கோலியர் அடையாளம் என்பதற்கும் அறிவியலில் ஒரே மதிப்புதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் முன்னோர் இடங்கள் 1,024. இருபது தலைமுறை போனால் பத்து லட்சத்தைத் தாண்டும். (சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டதால் ஒரே ஆள் பல இடத்தில் வருவார், அது வேறு.) ஒய் குரோமோசோம் இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைத்தான் காட்டுகிறது, அப்பாவின் அப்பாவின் அப்பாவை. மீதிப் பேரெல்லாம் சோதனைக்கு வெளியே நிற்கிறார்கள். எம்130 இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அது இருந்திருக்கலாம். அந்த வீடு 'பிந்தி வந்த வீடு' ஆகிவிடுமா? 'முதல்' என்பது பத்திரிகைக்காரர் போட்ட சொல், ரத்தம் போட்டதல்ல.

இந்தச் சோதனை வம்ச ஆராய்ச்சியாக நன்றாக விலைபோன இடம் அயர்லாந்து. அங்கே குலப்பெயர் தகப்பன் வழியாக இறங்குகிறது. ஓநீல் மகன் ஓநீல். ஆகவே பெயரும் ஒய் குரோமோசோமும் ஏறக்குறைய ஒரே பாதையில் வருகின்றன. 2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வடமேற்கு அயர்லாந்தில் ஐந்தில் ஓர் ஆணிடம் ஒரே அடையாளம் இருப்பதைக் கண்டு, அதை நயல் என்ற பாதி வரலாறும் பாதிக் கதையுமான பழைய அரசனோடு இணைத்தார்கள். பின்னால் வந்த கணக்குகள் அந்த அடையாளத்தை அவன் காலத்துக்கும் முன்னால் தள்ளிக்கொண்டு போயின. ஆனாலும் அரசனின் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரும் ரத்தமும் சேர்ந்தே வரும் ஊரிலேயே இந்த நிலை.

நம் ஊரில் குலப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய்வழியாக வருகிறது. பிள்ளை அம்மாவின் கிளை. ஒரே கிளைக்குள் பெண் எடுக்கக் கூடாது. அங்கே போய் ஆணின் எச்சிலைச் சோதித்துக் கிளையைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அது வேறு பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. பிறமலைக் கள்ளரிடம் தகப்பன் வழிதான், பங்காளிகளைச் சேர்ப்பது கோயில். 1949-50இல் இந்தப் பகுதியில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் இவர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் வம்சத்தையும் கோயிலையும் சேர்த்தே பேசுகிறார். சுவீகாரம் வந்தவனும் பொங்கலுக்குப் பங்குப்பணம் கட்டினால் பங்காளிதான். பங்காளி என்பது பங்கிலிருந்து வந்த சொல் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அதற்காக மரபணு ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிச்சப்பன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. தமிழகத்தின் 12 பழங்குடிகள், பழங்குடி அல்லாத 19 குழுக்கள், மொத்தம் 1,680 ஆண்கள். இக்குழுக்களின் தந்தைவழி வேறுபாடு 4,000-6,000 ஆண்டுகளுக்கு முன்பே, வேளாண்மை பரவியதோடு ஒட்டி, சாதியமைப்புக்கு முன்னதாக உருவாகிவிட்டது என்கிறது அது. இதைப் படித்துவிட்டு 'பாத்தீங்களா, சாதி ரத்தத்துலயே இருக்கு' என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தலைகீழ் வாசிப்பு. மலையில் வேட்டையாடியவர்களும் சமவெளியில் உழுதவர்களும் தனித்தனியாக இருந்தார்கள் என்பது ஒன்று. ஒருவர் கிணற்றில் இன்னொருவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது வேறொன்று. முன்னது குரோமோசோமில் தெரியலாம், பின்னது தெரியாது. மறு ஆண்டே ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, முழு மரபணுத் தொகுதியைக் கொண்டு, சுமார் 4,200லிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் பரவலான கலப்பு நடந்தது, அதன் பிறகே அகமணம் இறுகியது என்றது. கலந்தவர்கள்தான் பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்த ஆய்வை எந்தச் சாதிச் சங்கமும் போஸ்டராக ஒட்டி நான் பார்த்ததில்லை.

ஆய்வுகளின் மீது எனக்கும் ஒரு புகார் உண்டு. சாதியைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் ரத்தம் எடுக்கிறார்கள், அப்புறம் ரத்தத்தில் சாதிவாரியாக வேறுபாடு தேடுகிறார்கள். மூக்கை அளந்து சாதிகளைத் தொகுத்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். கருவி மாறியிருக்கிறது, படிவத்தில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

இப்போது பெரியவரின் ரேகைக்கு வருவோம். 1911 குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ் ஆட்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் பெண். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் போனது. அன்று குற்றப் பரம்பரை என்று எழுதியதும் இன்று முதல் பரம்பரை என்று எழுதுவதும் ஒரே உடம்பின்மீதுதான். முன்னதை நாம் மறுத்தது, பரம்பரையை வைத்து மனிதனை எழுதக் கூடாது என்பதற்காக. பின்னது இனிக்கிறது என்பதால் அந்த வாதத்தைக் கைவிட்டுவிட முடியாது.

பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் வந்தது. 2022இல் அதை நீக்கிவிட்டு வந்த புதிய சட்டம், கைரேகையோடு கண்மணிப் பதிவு, ரத்தம் போன்ற உடல் மாதிரிகள், அவற்றின் பகுப்பாய்வு வரைக்கும் எடுக்க அனுமதிக்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தனியார் பக்கமும் ஆறுதல் இல்லை. எச்சிலை வாங்கி வம்சம் சொல்லிவந்த அமெரிக்கக் கம்பெனி ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தகவல் ஏலத்துக்கு வரும் சொத்தாகிவிட்டது.

நண்பர் இப்போது சோதனைக் குப்பி ஒன்றை வரவழைக்கப்போவதாகச் சொல்கிறார். அவர் அம்மாவின் அப்பா எந்த ஊர், என்ன செய்தார் என்று கேட்டேன். தெரியவில்லை. அம்மா உயிரோடு இருக்கிறார், எழுமலையில். இரண்டு ரூபாய்க் குப்பியில்லாத அந்தச் சோதனையை முதலில் செய்யச் சொன்னேன். எச்சிலை அனுப்புவதாக இருந்தால், அதை யார் வைத்திருப்பார்கள், எத்தனை வருடம், திருப்பிக் கேட்டால் அழிப்பார்களா, போலீஸ் கேட்டால் கொடுப்பார்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை.