இழப்புக்குப் பிறகும் துளிர்க்கும் இசை: ‘ஸ்லோடைவ்’ குழுவின் ஐந்தாவது தொகுப்பு

இளமையில் விமர்சகர்களின் கேலிக்கு ஆளான இங்கிலாந்து ராக் இசைக்குழு ஒன்று, அதன் உறுப்பினர்கள் ஐம்பது வயதைத் தொட்ட பிறகே முதன்முறையாக பிரிட்டனின் முதல் பத்து இசைத்தொகுப்புகள் பட்டியலில் இடம்பிடித்தது.

‘ஸ்லோடைவ்’ என்ற அந்தக் குழுவின் ஐந்தாவது தொகுப்பான ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’ 2023 செப்டம்பர் 1ஆம் தேதி வெளியாகி, பட்டியலில் 6ஆம் இடத்தை எட்டியது. தொகுப்பின் பெயருக்கு ‘எல்லாம் உயிரோடு இருக்கிறது’ என்று பொருள். ஆனால், அது இரண்டு மரணங்களுக்குப் பிறகு உருவான தொகுப்பு.

கேலியும் பிரிவும்

சிறு வயது நண்பர்களான நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெல்லும் 1989ல் ரெடிங் நகரில் இக்குழுவைத் தொடங்கினர். இருவரும் பாடகர்கள்; கிட்டாரும் வாசிப்பவர்கள்.

இவர்களின் பாணி ‘ஷூகேஸ்’ எனப்படுகிறது. கிட்டார் ஒலியை மாற்றும் பெடல் கருவிகளைக் காலால் இயக்குவதற்காக, இக்கலைஞர்கள் மேடையில் குனிந்தே நிற்பார்கள். காலணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கிண்டலாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பெடல்கள் வழியாக வரும் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பனிமூட்டம்போல் பரவும். பாடகரின் குரலும் அதற்குள் கரைந்து ஒலிக்கும்.

தொடக்கத்தில் பாராட்டிய பிரிட்டிஷ் இசை ஏடுகள் பின்னர் கடுமையாக விமர்சித்தன. இன்று பலரும் போற்றும் ‘சுவ்லாக்கி’ தொகுப்பு 1993ல் வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 1995ல் ‘பிக்மேலியன்’ வெளியான சில நாள்களிலேயே ‘கிரியேஷன் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனம் குழுவைக் கைவிட்டது. குழுவும் கலைந்தது.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 2014ல் ஐவரும் மீண்டும் மேடையேறினர். 22 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2017ல் நான்காவது தொகுப்பு வந்தது.

துயரத்தைச் சொன்ன விதம்

அடுத்த தொகுப்புக்கான ஒலிப்பதிவை 2020ல் தொடங்கத் திட்டமிட்டிருந்தபோது கொவிட்-19 கிருமிப்பரவல் குறுக்கிட்டது. அதே ஆண்டில் காஸ்வெல்லின் தாயாரும் டிரம்ஸ் கலைஞர் சைமன் ஸ்காட்டின் தந்தையும் காலமாயினர். தொகுப்பு அவர்கள் இருவருக்கும் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

பெற்றோரை இழப்பது நடுவயதில் பலருக்கும் நேரும் துயரம். அதைப் பாட முற்படுவோர் பாடல் வரிகளில் எல்லாவற்றையும் விரித்துச் சொல்லிவிடுவதுண்டு. ‘ஸ்லோடைவ்’ அப்படிச் செய்யவில்லை. தொகுப்பில் இருப்பவை எட்டே பாடல்கள். மொத்தம் 42 நிமிடங்கள்தான். அவற்றுள் ‘பிரேயர் ரிமெம்பர்ட்’ சொற்களே இல்லாத இசைக்கோவை. மற்றவற்றிலும் வரிகள் குறைவு. ஒரு நினைவு வந்து போவதுபோல் அவை வந்து போகின்றன.

இந்தப் பாடல்கள் பலவற்றின் தொடக்கம், ஹால்ஸ்டெட் மின்னணு இசைக்கருவிகளில் தனியாகச் செய்துபார்த்த சோதனைகள். பின்னர் ஐவரும் சேர்ந்து அவற்றைக் குழுவின் இசையாக வளர்த்தனர். அதனால், முதல் பாடலான ‘ஷாண்டி’ சின்தசைசர் ஒலியுடன் தொடங்கி, கிட்டார்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர விரிகிறது. ‘கிஸ்ஸஸ்’ பாடலோ துள்ளலாக ஒலிக்கிறது. துயரமும் துள்ளலும் அடுத்தடுத்து வருவதில்தான் தலைப்பின் பொருள் விளங்குகிறது. இழப்பை மறைக்காமலும் அதிலேயே தங்கிவிடாமலும் இருப்பதே இத்தொகுப்பின் பலம்.

தேடி வந்த இளையர்கள்

இசைக்குழு கலைந்தபோது பிறந்திராத இளையர்கள் பலர் இன்று அதன் ரசிகர்கள். டிக்டாக் காணொளிகள் வழியாகப் பழைய பாடல்களைக் கேட்டு, அவர்கள் இசைநிகழ்ச்சிகளுக்கும் வருகின்றனர். 1990களின் விமர்சனங்கள் அவர்களுக்குத் தெரியாது. பாடல்களை மட்டுமே தெரியும்.

பழைய பாடல்களை மட்டும் வாசித்தே இந்தக் கூட்டத்தைத் திருப்திப்படுத்தியிருக்கலாம். ஆனால், ஐம்பது வயதில் தங்களுக்கு நேர்ந்ததைக் கொண்டு புதிய பாடல்களை உருவாக்க இக்குழு விரும்பியது. அவற்றை இருபது வயது ரசிகரும் தம் பாடல்களாக எடுத்துக்கொள்கிறார்.