மாகாளிக் கிழங்கின் வாசனைக்கு என்ன பெயர்?

பெருங்குடியில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் யாராவது மாகாளிக் கிழங்கு நறுக்கினால் நாலாம் மாடி வரை தெரிந்துவிடும். குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து காற்று வீசும் நாளில்கூட அந்த வாசனை தனித்து நிற்கும். தயிர் சாதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்பவர்கள் உண்டு. மூட்டைப்பூச்சியை நசுக்கிய நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறவர்களும் உண்டு. இவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. மூட்டைப்பூச்சியின் நெடிக்குக் காரணம் ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்கள். மாகாளிக் கிழங்கின் வாசனையும் ஓர் ஆல்டிஹைடுதான்.

கிழங்கு என்கிறோமே தவிர, இது பருத்த வேர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட பாறைச் சரிவுகளில் படரும் கொடி, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இட்ட பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. வேரை ஊறவைத்து, மண் போகத் தேய்த்து, தோல் சீவி, நடுவிலுள்ள கட்டையை நீக்கிவிட்டுப் பொடியாக நறுக்கி, கடுகும் மிளகாயும் உப்பும் சேர்த்துப் புளித்த மோரில் ஊறுகாய் போடுவார்கள். எண்ணெய் தேவையில்லை.

இந்த வாசனைக்கு வேதியியல் பெயர் தேடியவர்களில் முக்கியமானவர் குளித்தலையில் 1900-இல் பிறந்த தி. ரா. சேஷாத்ரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து திரும்பியவர். வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழக வேதியியல் துறையை வளர்த்தபோது, மூர்த்தி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து மாகாளி வேரை எடுத்துக்கொண்டார். 1941-இல் கட்டுரை வெளியானது. அன்று இன்றைய கருவிகள் எதுவும் இல்லை. வேரை நீராவியில் வடித்து, வாசனைப் பொருளைப் படிகமாக்கி, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்ப்பார்கள். அதே பொருளைச் செயற்கையாகச் செய்து இரண்டையும் கலந்து உருக்குவார்கள். உருகும் சூடு மாறாவிட்டால் இரண்டும் ஒன்றே. கையும் கண்ணும் பொறுமையும் மட்டுமே கொண்டு அணுக்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று சொன்ன அந்தத் தலைமுறையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அவர்கள் கண்ட பொருளின் பெயர் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலினுக்கு இது பங்காளி முறை. இரண்டிலும் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். ஆறு மூலை கொண்ட வளையத்தில் அதே மூன்று தொங்கல்கள். தொங்கும் மூலைகள்தான் வேறு. மாகாளியின் பொருளில் ஹைட்ராக்சில் தொங்கல் ஆல்டிஹைடுக்குப் பக்கத்து மூலையில் இருப்பதால், இரண்டும் தமக்குள்ளேயே கைகோத்துக்கொள்கின்றன. வெனிலினில் அவை எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன, கை எட்டாது. அதனால் ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். வெனிலின் உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மாகாளியின் படிகம் 42 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். பிடிப்பில்லாத மூலக்கூறு நீராவியோடு எளிதில் கிளம்பும், மாடிப்படியும் ஏறும்.

இன்றைய ஆய்வகத்தில் வேரின் சாற்றை வாயுவாக்கி நீண்ட நுண்குழாய் ஒன்றில் ஓடவிடுகிறார்கள். சாக்பீஸில் மை ஏறும்போது நிறங்கள் பிரிவதைப் பள்ளியில் பார்த்திருப்போம், அதே வித்தைதான். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். அதை எடை பார்க்கும் கருவி 152 என்று காட்டும். வெனிலினுக்கும் அதே 152. இங்கே எடை மட்டும் போதாது. அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து விசாரிக்கும் என்.எம்.ஆர். கருவியில்தான் அந்தக் கைகோத்த ஹைட்ரஜன் மற்றவற்றிலிருந்து வெகு தள்ளி, கருவியின் அளவுகோலில் 11.5-ஐ ஒட்டித் தனிக்கோடாக நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நாட்டுமருந்துக் கடையில் இருக்கிறது. நன்னாரி வேரை முகர்ந்து பாருங்கள். அதிலும் இதே பொருள்தான். கென்யாவில் முகோம்பெரோ என்று மென்று தின்னும் மோண்டியா வேரிலும் இதுவே. மூன்றும் ஒரே குடும்பத்தின் ஒரே கிளை. முழு வேராக இருந்தால் குழப்பமில்லை. நன்னாரி கறுத்து, மெலிந்து, கம்பிபோல முறுக்கியிருக்கும். மாகாளி வெளிறித் தடித்திருக்கும். காயவைத்து இடித்துவிட்டால் மூக்கால் பிரிக்க முடியாது. நன்னாரிக்குப் பதில் மாகாளி விற்பனைக்கு வருவது பலர் அறிந்ததுதான். ராயலசீமையில் நன்னாரி சர்பத் என்று குடிப்பதே பெரும்பாலும் மாகாளி வேரில் செய்வது. ஆகவே ஒரு பொருளை மட்டும் தேடாமல், வேரிலுள்ள எல்லாப் பொருள்களின் வரிசையையும் சிலிக்கா பூசிய தட்டில் கைரேகைபோல எடுத்து ஒப்பிடுகிறார்கள், டிஎன்ஏவையும் பார்க்கிறார்கள்.

வாசனையோடு இந்த ஆல்டிஹைடின் வேலை முடிவதில்லை. வெட்டிய ஆப்பிளைக் கறுக்கவைக்கும் டைரோசினேஸ் நொதியை இது தடுப்பதை மோண்டியாவை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மாகாளி வேரின் சாறு தானியப் பூச்சிகளைக் கொல்வதையும், உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்குவதையும் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் காட்டினார்கள். மண்ணுக்கடியில் வருடக்கணக்கில் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் வேருக்கு இப்படியொரு காவல் தேவைதான். ஆனால் குடுவையில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்று யாராவது மாத்திரை விற்றால் நான் நம்ப மாட்டேன். இடையில் இருக்கும் சோதனைகள் ஏராளம்.

வேரை எடுக்கக் கொடியையே தோண்ட வேண்டியிருக்கிறது. வாங்கும் ஊறுகாய்க் கிழங்கில் பெரும்பகுதி காட்டிலிருந்து வருகிறது. கொடியோ அருகிவரும் தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. அதே மைசூரு நிறுவனத்தில் நுனிக்குருத்தைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து நாற்றாக்கியிருக்கிறார்கள். அந்த நாற்று தோட்டங்களுக்கு இறங்கி, வேர் பருத்து, மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக் கூடைக்கு வர வேண்டும்.